கைத்திறன் வாழட்டும், குலத்தளை வீழட்டும்!

பழமை வாழ வேண்டுமா, வீழ வேண்டுமா? இந்தக் கேள்வியை எவரிடம் கேட்டாலும் விடை ஆயத்தமாக இருக்கிறது. "ஐயோ, எல்லாம் போயிற்றே! அம்மி போயிற்று, ஆட்டுக்கல் போயிற்று, மண்பானை போயிற்று, மரப்பொம்மை போயிற்று, மனிதனே இயந்திரமாகிவிட்டானே!" என்று அழுகிறார் ஒருவர். "போனால் போகட்டும், போக வேண்டியவைதாமே போயின, இதற்கு ஏன் ஒப்பாரி?" என்று கைவீசி நடக்கிறார் மற்றொருவர். முன்னவர் தம்மைப் பண்பாட்டின் காவலர் என்று எண்ணிக்கொள்கிறார். பின்னவர் தம்மைப் பகுத்தறிவாளர் என்று எண்ணிக்கொள்கிறார். இருவரும் செய்யத் தவறியது ஒன்றே ஒன்று: சிந்திப்பது!

பழையது என்பதற்காகவே ஒன்றைப் போற்றுவது மூடநம்பிக்கை என்றால், பழையது என்பதற்காகவே ஒன்றைத் தூற்றுவதும் அதே மூடநம்பிக்கையின் மறுபக்கம் அல்லவா? வயதைப் பார்த்து வணங்குபவனும், வயதைப் பார்த்து வெறுப்பவனும் பொருளைப் பார்க்கவில்லை. எதையும் எடுத்துப் பார், தட்டிப் பார், நிறுத்துப் பார், பிறகு ஏற்றுக்கொள் அல்லது எறிந்துவிடு என்பதன்றோ நாம் கற்ற பாடம்! நிறுக்காமலே எறிபவன், நிறுக்காமலே விழுந்து வணங்குபவனுக்கு எந்த வகையில் உயர்ந்தவன்?

தோழர்களே, இந்தக் கேள்வி நமக்கு ஏட்டில் மட்டும் எழும் கேள்வி அன்று. திருக்காட்டுப்பள்ளியில் நின்று மேற்கே சென்றால் கல்லணை. கிழக்கே காவிரியும் அதன் கிளைகளும் பாயும் திசையில் சென்றால் தஞ்சை, சுவாமிமலை, குடந்தை, நாச்சியார்கோயில், நரசிங்கம்பேட்டை. தஞ்சையின் ஓவியம், தலையாட்டிப் பொம்மை, கலைத்தட்டு, வீணை, நெட்டி வேலை, சுவாமிமலையின் வெண்கலப் படிமம், நாச்சியார்கோயிலின் குத்துவிளக்கு, திருபுவனத்தின் பட்டு, நரசிங்கம்பேட்டையின் நாதசுரம். இத்தனைக்கும் அரசின் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு சிறு நிலப்பரப்பில் இத்தனை கைத்திறன்கள் நெருங்கி நிற்கும் இடங்கள் உலகில் பல இல்லை. ஆகவே மரபை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை கூறும் கடமை மற்றவரைக் காட்டிலும் நமக்கே மிகுதி.

முறுக்கிய முப்புரி

மரபு என்று ஒரே சொல்லால் அழைக்கிறோம். அவிழ்த்துப் பார்த்தால் அது மூன்று இழைகளை முறுக்கிய கயிறு.

முதல் இழை அறிவு. வண்டல் மண்ணில் எது வார்ப்புக்கு ஆகும், எந்த மரம் நாதம் தரும், எந்த நெல் வெள்ளம் தாங்கும் என்று தலைமுறை தலைமுறையாக மனிதன் செய்து, பிழைத்து, திருத்திக் கண்ட அறிவு. இரண்டாவது இழை பயன். அந்தப் பொருள் வாழ்வில் எதற்கு உதவுகிறது என்பது. மூன்றாவது இழை அதிகாரம். யார் செய்யலாம், யார் செய்தே தீரவேண்டும், யார் தொடக்கூடாது, செய்தவன் எங்கே நிற்க வேண்டும், எப்படிக் குனிய வேண்டும் என்ற கட்டளை.

பழமை போற்றுவோர் செய்யும் தந்திரம் இங்கேதான் இருக்கிறது. முதல் இழையைக் காட்டி மூன்றாவது இழையை விற்கிறார்கள்! சிற்பத்தின் அழகைக் காட்டுகிறார்கள். நாம் வியந்து நிற்கும் வேளையில் குலமுறையின் பெருமையைச் செவியில் ஓதுகிறார்கள். நம்மில் சிலர் செய்யும் பிழை இதன் மறுதலை. மூன்றாவது இழையின் மீதுள்ள சினத்தால் முதல் இழையையும் சேர்த்துக் கொளுத்திவிடத் துடிக்கிறோம். அறிவைப் புரோகிதனிடம் விட்டுக்கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் திரும்புவதற்குப் பெயர் வெற்றியா?

அடுப்படியில் தொடங்குவோம்

எந்த மரபையும் சோதிக்க நல்ல இடம் அடுப்படி. ஏனென்றால் அங்கேதான் மரபின் சுவையை ஒருவர் உண்கிறார், மரபின் சுமையை மற்றொருவர் தாங்குகிறார்.

ஜப்பானியர் நம்மைப் போலவே சோறு உண்ணும் மக்கள். அவர்கள் வீட்டில் மண்ணால் ஆன பெரிய அடுப்பு இருந்தது. விடியுமுன் எழுந்து, விறகைத் தள்ளியும் இழுத்தும், தீயைக் கூட்டியும் குறைத்தும், சோறு குழையாமலும் கருகாமலும் காப்பது வீட்டுப் பெண்ணின் அன்றாடத் தவம். 1955-ஆம் ஆண்டு இறுதியில் தோஷிபா நிறுவனம் தானே அணையும் மின்சாரச் சோற்றுப்பானையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் மினாமி யோஷிதாதா. நாள்தோறும் சோறாக்கிச் சோறாக்கி அதன் சூட்டையும் நேரத்தையும் சோதித்துக் குறித்தவர் அவருடைய துணைவியார் ஃபுமிகோ. அடுப்பின் அருகே வெந்தவர்தாம் அடுப்பை வென்ற கருவிக்கும் அளவு சொன்னார்!

அதே 1955-இல் நம் கோவையில் சபாபதி என்பவர் மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து, ஒரு கையால் குழவியைச் சுழற்றி, மறு கையால் மாவைத் தள்ளி, தோள் நோக, இடுப்பு நோக அரைத்த பெண்கள் எத்தனை தலைமுறை! "கையால் அரைத்த மாவின் சுவை வருமா?" என்று கேட்டவர் பலர். கேட்டவரில் அரைத்தவர் எத்தனை பேர்?

இட்லி அழிந்ததா? அழியவில்லை. அரிசியும் உளுந்தும் எந்த அளவில் சேர வேண்டும், எத்தனை நாழிகை ஊறவேண்டும், எப்போது புளிக்கும் என்ற அறிவு அப்படியே இருக்கிறது. பயன் பெருகியிருக்கிறது. அறுந்தது தோள்வலி ஒன்றுதான். கல் கல்லாகவே இருந்தது, அதைச் சுழற்றும் கை மட்டும் விடுதலை பெற்றது. மரபு காலத்தோடு இயைவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா? பெரியார் 1940-களிலேயே 'இனிவரும் உலகம்' பற்றிப் பேசியபோது மனிதனின் உடற்பாட்டைக் குறைக்கும் இயந்திரத்தை வரவேற்றது இதனால்தான்.

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. இயந்திரத்தின் பொத்தானை அழுத்துவதும் அவள் வேலைதான் என்று இன்றும் எத்தனையோ வீடுகளில் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். கருவி சுமையைக் குறைக்கும், கட்டளையை ஒழிக்காது. கட்டளையை ஒழிக்கக் கருத்துத்தான் வேண்டும்.

வயலில் ஒரு பாடம்

அடுப்படியிலிருந்து வயலுக்கு வருவோம். இங்கே நம் பக்கத்தாருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

ஆடுதுறையில் 1922-ஆம் ஆண்டு முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இயங்கி வருகிறது. 1960-களின் நடுவில் அங்கிருந்து ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. ஜப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் இணைத்துப் பெற்ற கலப்பினம் அது. தஞ்சைக் குறுவையில் அது பரவிய வேகத்தை முதியோர் இன்றும் சொல்வர். இரண்டு நாட்டுப் பயிர்கள் கலந்ததால் எவருடைய பண்பாடும் தீட்டுப்படவில்லை, பசித்தவன் வயிறுதான் நிறைந்தது.

புதிய விதை வந்தது, உரம் வந்தது, மருந்து வந்தது, விளைச்சல் பெருகியது. கூடவே பழைய நெல்லினங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. இதைக் கண்டு கேள்வி எழுப்பியவர் எவரோ மடாதிபதி அல்லர். திருக்காட்டுப்பள்ளியை அடுத்த இளங்காட்டில் 1938-இல் பிறந்து, வேளாண்மைப் பட்டம் பெற்று, கோவில்பட்டி அரசு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, அதைத் துறந்து உழவரிடையே நடந்த கோ. நம்மாழ்வார். 2013-இல் மறையும் வரை அவர் ஓயவில்லை. அவர் வழியில் திருத்துறைப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த நெல் ஜெயராமன் நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட மரபு நெல் வகைகளைத் தேடித் திரட்டினார். விதைத் திருவிழா நடத்தி, உழவருக்கு 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். கோயில் வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. விதைத்துப் பார்க்கச் சொன்னார்! 2018-இல் அவர் மறைந்தார், விதை மறையவில்லை.

வெள்ளத்தில் நிற்கும் நெல், வறட்சியைத் தாங்கும் நெல், உவர் நிலத்தில் விளையும் நெல் ஆகியவற்றைத் தேர்ந்து தேர்ந்து உருவாக்கியவர் யார்? பட்டம் பெறாத உழவர், பெயர் எழுதப்படாத உழத்தியர். அது ஆராய்ச்சியே. ஆய்வுக்கூடத்தின் கூரை இல்லாத ஆராய்ச்சி. அதைப் பழமை என்று தள்ளுவது பகுத்தறிவு ஆகாது. பகுத்து அறியாத அவசரமாகும்.

அதற்காக, "மாப்பிள்ளைச் சம்பா உண்டால் தீராத நோயெல்லாம் தீரும், நம் முன்னோர்க்கு நோயே கிடையாது" என்று கடைவிரிப்போரின் கூற்றையும் ஏற்கவேண்டுமா? வேண்டா. முன்னோர் வாந்திபேதியிலும் பெரியம்மையிலும் கொத்துக்கொத்தாக மாண்டனர் என்பது வரலாறு. நெல்லை ஏற்போம், நெல்லின் மேல் ஏற்றிய பொய்யை உமியென ஊதுவோம்.

இன்னொன்றும் உண்டு, எல்லாவற்றினும் பெரியது. பழைய நெல்லைப் பாடுவோர், அந்த நெல்லை அறுத்த கையைப் பாடுவதில்லை. பண்ணையாளுக்குக் கிடைத்தது சாணிப்பாலும் சவுக்கடியும்! 1952-இல்தான் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும், கூலி உயர்வு கேட்ட குற்றத்திற்காக, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்களை ஒரே குடிசையில் வைத்துக் கொளுத்தினர். இன்று நட்சத்திர உணவகத்தில் மண்சட்டியில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் வைத்து, அதற்கு 'மரபுணவு' என்று பெயரிட்டு விலை வாங்குகிறார்கள். உண்ணுங்கள், நல்ல உணவுதான். ஆனால் வேறு எதுவும் கிடைக்காததால் அதை உண்டவனின் கதையையும் சேர்த்துப் பரிமாறுங்கள்! நினைவில்லாத சுவை, நன்றியில்லாத சுவை.

வார்ப்படப் பட்டறையில்

இனி, சிக்கலின் நடுவுக்கே வருவோம். சுவாமிமலை.

தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் செய்கிறார்கள். தென்னை ஓலையை அளவாக நறுக்கி மடித்து, முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு, முழங்காலுக்கு இவ்வளவு என்று பிரிக்கிறார்கள். ஓலை நறுக்கிலே ஒரு கணிதம்! மெழுகின்மேல் காவிரியின் மெல்லிய வண்டல் மண்ணைப் பூசுகிறார்கள். அதன்மேல் பருமண் பூசிக் காயவைத்துச் சுடுகிறார்கள். மெழுகு உருகி வெளியேறுகிறது, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் பாய்கிறது. மண்ணை உடைத்தால் படிமம். ஒரு வார்ப்பில் ஒன்றே ஒன்று. 2023 செப்டம்பரில் தில்லியில் ஜி-20 மாநாட்டு அரங்கின் முன் நிறுத்திய, ஏறத்தாழ 27 அடி உயரமும் 18 டன் எடையும் உள்ள நடராசர் சிலையும் இந்த முறையில் இந்த ஊரார் வார்த்ததே.

"கடவுள் இல்லை என்பவர்களுக்குக் கடவுள் சிலை எதற்கு?" என்று நம்மை ஏளனம் செய்வோர் உண்டு. சிலையை வணங்காதவனுக்குச் சிற்பியை வணங்கும் உரிமை இல்லையா? உண்மையில் அந்த உரிமை நமக்கே முழுமையாக உண்டு. பக்தனின் கண் சிலையைத் தாண்டி எங்கோ செல்கிறது. நம் கண்தான் சிலையிலேயே நிற்கிறது, செய்த கையிலேயே நிற்கிறது. பக்தனோ குடமுழுக்கு முடிந்ததும், வார்த்த சிற்பியையே கருவறைக்கு வெளியே நிறுத்துகிறான்!

இங்கேதான் எதிர்வாதத்தின் வலுவான அம்பு வருகிறது. அதை மறைக்காமல் மார்பில் வாங்குவோம். அவர்கள் சொல்வது இது: "இந்தக் கலை ஏன் ஆயிரம் ஆண்டு நிலைத்தது? தந்தை மகனுக்குத் தந்தான், அதனால் நிலைத்தது. ஏழு வயதில் மெழுகைத் தொட்ட கைக்குத்தான் இருபது வயதில் கண் திறக்கும். குலத்தை உடைத்தால் கலை உடையும். உங்கள் சமத்துவத்துக்கு விலையாகக் கலையைக் கொல்லச் சம்மதமா?"

நேர்மையான கேள்வி. நேர்மையான விடை தருவோம். குலமுறை அந்தச் சிறுவனுக்குத் தந்தது என்ன? மூன்று: இளமையிலே பயிற்சி, ஆசிரியனின் அண்மை, பிறருக்குச் சொல்லாத கமுக்கம். முதல் இரண்டும் கலையை வளர்த்தன. அவற்றை ஒரு நல்ல பள்ளியும் தரமுடியும். மூன்றாவது கலையை வளர்க்கவில்லை. மகனில்லாத ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கலைநுட்பத்தைப் புதைத்தது! காத்ததாக அவர்கள் சொல்லும் குலமுறை எத்தனை நுட்பங்களைக் கொன்றது என்ற கணக்கு எவரிடம் இருக்கிறது?

மேலும், குலம் கடந்தால் கலை மடியும் என்பது உண்மைதானா? மராட்டியர் காலத்துத் தஞ்சை ஓவியத்தைத் தீட்டியோர் பெரும்பாலும் ராஜு குலத்தினர். இன்று பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பசை பூசி, பொன்தகடு பதிப்போரில் எல்லாக் குலத்தாரும் உளர்; பெண்கள் பெருந்தொகையினர். தரம் குறைந்த படங்களும் சந்தையில் உண்டு என்பது மெய். ஆனால் அது மலிவுவிலைப் போட்டியின் விளைவு, பிறப்பின் குற்றமன்று. மாமல்லபுரத்தில் 1957-இல் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக நிற்கிறது. அங்கே உளி பிடிக்க விண்ணப்பம் வேண்டும், கோத்திரம் வேண்டா.

நாதசுரத்தைப் பாருங்கள். இடுப்பில் துண்டைக் கட்டி, திறந்த மேனியுடன், நின்றுகொண்டே ஊதவேண்டும் என்பது மரபாக இருந்தது. செட்டிநாட்டுத் திருமண ஊர்வலம் ஒன்றில், நாதசுரக் கலைஞர் சிவக்கொழுந்து வியர்வை துடைக்கத் தோளில் போட்டிருந்த துண்டை எடுக்கச் சொன்னபோது, "எடுக்காதே, வாசி!" என்று முன்னே நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. சுயமரியாதை இயக்கத்தின் தொடக்க ஆண்டுகளில் நடந்தது அது. திருவாவடுதுறை ராஜரத்தினம் (1898–1956) தலைமுடியை வெட்டிக்கொண்டார், கோட்டு அணிந்தார், மேடையில் அமர்ந்து வாசித்தார். அவர் தோடி கெட்டதா, ஓங்கியதா? துண்டு தோளுக்கு ஏறியதால் சுருதி இறங்கவில்லை! குனிந்த முதுகு கலையின் உறுப்பு அன்று என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

சுவாமிமலைப் பட்டறையே நமக்குத் தத்துவம் சொல்கிறது. மெழுகு இல்லாமல் வடிவம் பிறந்திருக்காது, உண்மை. ஆனால் மெழுகு வெளியேறினால்தான் வெண்கலம் உள்ளே புகும். குலமுறை ஒரு காலத்தில் இந்தத் திறன்களுக்கு மெழுகாக இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். மெழுகைக் காப்பதற்காக வெண்கலத்தை வார்க்காமல் விடுபவனை எந்தச் சிற்பி மதிப்பான்?

ஜப்பான் காட்டும் இரு முகம்

மரபைக் காத்தும் முன்னேறிய நாடு என்று எல்லாரும் ஜப்பானைச் சுட்டுகிறார்கள். சுட்டட்டும்; நாமும் பார்ப்போம்.

யானகி சோயெத்சு என்ற அறிஞர் 1925-இல் 'மக்கள் கைவினை' என்ற பொருளில் 'மிங்கெய்' என்ற சொல்லைத் தம் நண்பர்களோடு உருவாக்கினார். அரண்மனைப் பொருளில் அன்று, ஏழை வீட்டுக் கிண்ணத்திலும் கூடையிலும் துணியிலும்தான் உண்மை அழகு இருக்கிறது என்றார். 1936-இல் தோக்கியோவில் அதற்கென ஒரு காட்சியகமே நிறுவினார். அரிய கருத்து! ஆனால், பெயரை நாடாமல் பணிவோடு உழைத்த பெயரற்ற கைவினைஞனே சிறந்தவன் என்றும் போற்றினார். இங்கே நாம் சற்று நின்று கேட்கவேண்டும். பெயரின்மையின் பெருமையைப் பேசுவது பெயருள்ளவர்க்கு எளிது! அவருடைய நண்பர் ஹமாதா ஷோஜி தம் மட்கலங்களில் பெயர் பொறிக்க மறுத்தார். 1955-இல் அரசே அவரை நாட்டின் அருங்கலைச் செல்வராக அறிவித்தது. உலகறிந்த பெயர் இருந்தது. ஆகவே பொறிக்க வேண்டியிருக்கவில்லை. நம் சோழர் காலப் படிமங்களை வார்த்தவர் இன்னார் என்று பெரும்பாலும் தெரியவில்லை. அது அவர்கள் பணிவா, அவர்கள் பெயரை எழுதத் தகாதது என்று கருதியவரின் ஆணவமா?

ஜப்பானியரின் சட்டம் பாராட்டத்தக்கது. 1950-இல் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்கும் சட்டம் வந்தது. 1954-இல் அதைத் திருத்தி, பொருளை மட்டுமன்றி, திறனையும் அந்தத் திறனைத் தாங்கிய மனிதரையும் போற்ற வழிசெய்தனர். மக்கள் அவர்களை 'வாழும் நாட்டுச் செல்வம்' என்பர். 1974-இல் வந்த கைத்தொழில் சட்டம், அன்றாட வாழ்வில் பயன்படும் பொருள்களையே மரபுக் கைவினையாகக் கொண்டது. காட்சிப்பேழையில் வைத்த கலை பாதி செத்த கலை என்பதை உணர்ந்தோர் செய்த சட்டம் அது.

ஆனால் அதே ஜப்பானில், தோல் பதனிட்டு முரசு செய்த மக்களைத் தீண்டத்தகாதவராக ஒதுக்கி வைத்திருந்தனர். கோயில் திருவிழாவில் முரசு முழங்கும், முரசு செய்தவன் ஊருக்கு வெளியே! 1871-இல் அரசாணை அந்த இழிநிலையை ஏட்டில் ஒழித்தது, நாட்டில் ஒழியவில்லை. 1922-இல் அந்த மக்கள் 'சுய்ஹெய்ஷா' என்ற சமன்மை இயக்கத்தைத் தாமே தொடங்கினர். 1980-களில் ஒசாகாவின் நானிவா பகுதியில், முரசு செய்தோரின் வழிவந்த இளைஞர் தாங்களே முரசடிக்கும் குழு அமைத்தனர். குழுவின் பெயர் 'இகாரி'. பொருள்: சினம்!

கேட்கும்போதே நம் பறை நினைவுக்கு வரவில்லையா? பிணத்தின்முன் அடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட வரை அது அடிமைத்தளை. அதை அடிக்க மாட்டோம் என்று எறிந்தவர்கள் மானமுள்ளவர்கள். பின்னர் அதையே விரும்பி எடுத்து மேடையில் முழக்கியவர்களும் மானமுள்ளவர்களே. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறை முழக்குகின்றனர். 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் பத்மஶ்ரீ விருதுக்கு அறிவிக்கப்பட்டார். கருவி அதே, தோல் அதே, தாளம் அதே. மாறியது ஒன்று: கட்டாயம் போயிற்று, விருப்பம் வந்தது. அந்த ஒன்றுதான் எல்லாம்.

அரைநாள் பள்ளியும் அரைகுறை நீதியும்

வகுப்பறையில் நாள்தோறும் நிற்பவன் என்ற முறையில் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். 1953-இல் இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த திட்டம், சிற்றூர்த் தொடக்கப் பள்ளியின் நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்தது. மீதி நேரத்தில் குழந்தை பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும். நாவிதன் மகனுக்குக் கத்தி, குயவன் மகனுக்குச் சக்கரம், பறையன் மகனுக்கு ஏர்க்கால். வக்கீலின் மகனுக்கு மட்டும் வக்கீல் தொழிலைப் பழக அரைநாள் ஒதுக்கினார்களா? இல்லை! குலக்கல்வி என்று பெரியார் அதற்குச் சூட்டிய பெயரே அதன் உயிரைப் பறித்தது. அதே 1953-இல் அறிஞர் அண்ணாவின் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதுவே. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

பழங்கதை என்று எண்ணவேண்டா. 2023 செப்டம்பர் 17 அன்று நடுவண் அரசு 18 கைத்தொழில்களுக்கு 'விசுவகர்மா' திட்டத்தைத் தொடங்கியது. கடன், பயிற்சி, கருவி எல்லாம் உண்டு. ஆனால் குடும்பவழித் தொழிலாக இருக்கவேண்டும், 18 வயது நிரம்பினால் போதும் என்றது விதி. பதினெட்டு என்பது கல்லூரி வாயிலில் கால் வைக்கும் வயது! அந்த வயதில் தந்தையின் பட்டறையைக் காட்டிக் கடன்தொகையை நீட்டுவது உதவியா, தூண்டிலா? குடும்பவழி நிபந்தனையை நீக்குங்கள், வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் எழுதியது. பின்னர் 2025 ஏப்ரலில் 25 தொழில்களுக்கு, பிறப்பைக் கேளாத 'கலைஞர் கைவினைத் திட்டம்' இங்கே தொடங்கப்பெற்றது. எழுபது ஆண்டு இடைவெளியில் ஒரே கேள்வி இருமுறை வந்தது. இருமுறையும் இந்த மண் ஒரே விடையைச் சொன்னது.

இனி அந்தக் கடைசி அம்புக்கு விடை. எல்லா முயற்சிக்கும் பிறகு, ஒரு கலை, பயில ஒருவரும் முன்வராமல் மடிந்தே போகுமானால்? வருந்துவேன். அழுதாலும் அழுவேன். ஆனால் அதைக் காப்பதற்காக ஒரு சிறுவனைக்கூடக் கட்டிவைக்க ஒப்பமாட்டேன். கலை மனிதனுக்காக, மனிதன் கலைக்குப் பலியாடு அல்லன். சிற்பியின் மகள் மருத்துவராவதும், மருத்துவரின் மகன் சிற்பியாவதும் நடக்கும் நாட்டில்தான் சிற்பம் உண்மையில் கலையாகும். அதுவரை அது அழகான தண்டனை!

செய்ய வேண்டியவை

பேசிவிட்டுப் போவது நம் வழக்கமன்று. இளைஞர்களே, இவற்றைச் செய்யலாம்.

புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது. செய்தவனின் கூலியைக் காப்பதில்லை. ஆகவே ஒரு பொருளை வாங்கும்போது செய்தவர் யார் என்று கேளுங்கள். குத்துவிளக்கின் அடியில், பொம்மையின் பீடத்தில், பட்டின் முந்தியில் அவர் பெயர் இருக்கட்டும். மாட்டுப் பொங்கலுக்குப் பிளாஸ்டிக் மாலையை விடுத்து நெட்டி மாலை வாங்குவோம். கேட்ட விலையைக் கொடுப்போம். பேரம் பேசிக் குறைத்த பத்து ரூபாயில் ஒரு குழந்தையின் ஏடு இருக்கிறது.

பள்ளியில் எல்லாக் குழந்தைகளும் எல்லாக் கைத்தொழிலையும் தொட்டுப் பார்க்கட்டும். மண் பிசையாத மிராசுதார் மகனும், வீணை தொடாத உழவர் மகளும் இருக்கலாகாது. பிறகு எவர் எதை விரும்புகிறாரோ அதைத் தொடரட்டும், அல்லது எதையும் தொடராமல் போகட்டும்.

பட்டறை முதியவர்களிடம் சென்று அமர்ந்து அவர்கள் அறிந்ததை எழுதிக்கொள்ளுங்கள். எந்த மண், எத்தனை பங்கு மெழுகு, எவ்வளவு சூடு. கமுக்கமாக இருந்தது ஏட்டில் ஏறட்டும். புராணம் வேண்டா, அளவு வேண்டும்.

எவரேனும் மரபு என்று சொல்லி உங்கள் முன் ஒன்றை நீட்டினால், மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் உள்ள அறிவு என்ன? இன்றைய வாழ்வுக்கு இதன் பயன் என்ன? இதன் சுமையைத் தாங்குபவர் யார், அவர் விரும்பித் தாங்குகிறாரா? முதல் இரண்டுக்கும் நல்ல விடை கிடைத்து, மூன்றாவதற்கு விடை தர அவர் தயங்கினால், பொருளை வாங்கிக்கொள்ளுங்கள், தத்துவத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்!

காவிரி ஆண்டுதோறும் புது வண்டல் கொண்டுவருகிறது. அந்த மண் எந்தக் கை தொட்டாலும் குழைகிறது. தொட்டவன் குலம் என்ன என்று அது கேட்டதில்லை. கேட்டவர்கள் மனிதர்கள். நிறுத்த வேண்டியவர்கள் நாம்.